மரப்பெட்டியிலிருந்து எஃகுத் தொட்டிக்கு: நிலக்கரி வேகனின் கதை

(நாக்பூரில் நடந்த மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது பேசுங்கோ மாமா, அரை மணி போதும்" என்றார் நம் செயலாளர். என்ன பேசுவது என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரிஞ்சதைப் பேசுங்கோ" என்றார். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று ஓய்வூதியக் கணக்கு. அதைப் பேசினால் ஒருவரும் எழுந்து போகமாட்டீர்கள், ஆனால் சண்டை வந்துவிடும். இன்னொன்று நிலக்கரி வேகன். ஆகவே வேகன்.

நான் இன்ஜினீயர் இல்லை. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, 1974இல் மத்திய அரசு வேலையில் சேர்ந்தவன். நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆகி ஓரிரு வருஷம்தான் ஆகியிருந்தது. என்னை ஜரியா பக்கம் போட்டார்கள். எத்தனை வேகன் வந்தது, எத்தனை நிரம்பியது, எத்தனை நிராகரிக்கப்பட்டது என்று கணக்கு எழுதி மேலே அனுப்புவது என் வேலை. ஒரு நாள் சைடிங்கில் ஒரு வயதான டி.எக்ஸ்.ஆர்., அதாவது வண்டிகளைப் பரிசோதித்துச் சான்று கொடுக்கிற ரயில்வே ஊழியர், மூன்று வேகன்களின் மேல் சாக்பீஸால் கோடு போட்டு ஒதுக்கிவிட்டார். அடிப்பலகை நன்றாக இருக்கிறது, சக்கரம் நன்றாக இருக்கிறது, பக்கச் சுவர் மட்டும் கொஞ்சம் வெளியே உப்பியிருக்கிறது. கரி கொட்டக் காத்திருக்கிறது, மேலிடத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் இளைஞன், சண்டைக்குப் போனேன். சுவர் உப்பினால் என்ன, கரி கீழேயா கொட்டிவிடப் போகிறது என்று கேட்டேன்.

அவர் பதில் பேசாமல் பையிலிருந்து ஒரு நூலை எடுத்தார். ஒரு முனையை என்னிடம் கொடுத்து வேகனின் ஒரு கோடியில் மேல் விளிம்பில் பிடிக்கச் சொன்னார். மறுமுனையை அவர் இழுத்துப் பிடித்தார். நடுவில் விளிம்பு நூலைவிட்டு நாலு விரற்கடை வெளியே நின்றது. "சாப், யே தீவார் நஹி, யே பீம் ஹை" என்றார். இது சுவர் இல்லை, உத்தரம் என்று அர்த்தம். எனக்கு அது அன்றைக்குப் புரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, அமெரிக்காவில் எஃகு நிலக்கரி வேகன் எப்படி உருவானது என்று படிக்க ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது.

ஹாப்பர் வேகன் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாவு மில்லில் அரிசியைக் கொட்டுகிற தொட்டி நினைவிருக்கிறதா? மேலே அகலம், கீழே குறுகல், அடியில் ஒரு வாய். அதே மாதிரித் தொட்டியைச் சக்கரத்தின் மேல் வைத்தால் ஹாப்பர். மேலே கரியைக் கொட்டுவார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் அடிக்கதவைத் திறந்தால் தானே கொட்டிவிடும், மண்வெட்டி வேண்டாம். நம் அனல் மின் நிலையங்களுக்குக் கரி கொண்டுபோகும் 'பாபர்' வகை வேகன்களும் இந்த ஜாதிதான்.

அமெரிக்காவில் 1890கள் வரை கரி வேகன் என்றால் பெரும்பாலும் மரம்தான். விதிவிலக்கும் உண்டு. பால்டிமோர் அண்ட் ஓஹையோ ரயில்வே 1840களிலேயே இரும்புத் தகட்டில் பானை பானையாகச் செய்து வண்டியின் மேல் வரிசையாக உட்கார்த்தி வைத்து ஓட்டியது. அது புத்திசாலித்தனம். உருண்டைப் பானையை உள்ளிருந்து எது தள்ளினாலும் தகடு எல்லாப் பக்கமும் சமமாக இழுபடும், சட்டம் கிட்டம் ஒன்றும் தேவையில்லை. ஆனால் பானைக்கும் பானைக்கும் நடுவில் உள்ள இடம் வீண். அதனால் பெரிய வண்டிகளுக்கு அது சரிப்படவில்லை.

மர வேகனில் பளு எப்படிப் போகிறது என்று பாருங்கள். நீளவாக்கில் ஆறு அல்லது எட்டு உத்தரக்கட்டைகள், அவற்றின் மேல் பலகை, பலகையின் மேல் கரி. பக்கச் சுவர் வெறும் வேலி. கட்டை நடுவில் தொய்ந்துவிடாமல் இருக்க, அடியில் நீள இரும்புக் கம்பிகளைக் கட்டி, திருகு வைத்து முறுக்கி இழுத்திருப்பார்கள். தம்புராவின் தந்தியை முறுக்குவது மாதிரி. மரம் காய்ந்து சுருங்கினால் கம்பி தளரும், மறுபடி முறுக்க வேண்டும். இந்த அமைப்பில் 30 டன் வரை கொண்டுபோனார்கள். (அமெரிக்க டன் 2,000 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 907 கிலோ.) அதற்கு மேல் போனால் வேகனின் சொந்த எடையும் கூடிக்கொண்டே போகும், லாபம் இல்லை.

வேறு தொல்லையும் இருந்தது. 1893இல் அமெரிக்கப் பாராளுமன்றம் ரயில் பாதுகாப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. வேகன்களைத் தானாகக் கோத்துக்கொள்ளும் கொக்கியும் காற்று பிரேக்கும் கட்டாயமாயின. பிரேக்மேன்களின் கையும் விரலும் தப்பின. ஆனால் ரயில் நீண்டுகொண்டே போயிற்று. ஐம்பது வேகன் இழுத்தால் அத்தனை இழுப்பும் முதல் வேகனின் நடு உத்தரம் வழியாகத்தான் போக வேண்டும். பிரேக் போட்டால் பின்னாலிருந்து வரும் இடியும் அதே வழிதான். மரக்கட்டையிலிருந்து போல்ட்டே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

இந்த நிலையில் 1896 ஜூனில், சாரடோகா என்ற ஊரில் வேகன் கட்டுவோரின் வருடாந்திர மாநாட்டில், கார்னகி எஃகுக் கம்பெனி முழுக்க எஃகால் ஆன இரண்டு ஹாப்பர் வேகன்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. கார்னகிக்கு வேகன் விற்க ஆசை இல்லை, எஃகு விற்க ஆசை. பாலத்துக்கு விற்கிற அதே உருட்டுச் சட்டங்களை, அதாவது 'ஐ' வடிவம், 'சி' வடிவம், 'எல்' வடிவம் என்று ஆலையில் உருட்டி வருகிறதே, அவற்றைத் தறையாணி அடித்துச் சேர்த்திருந்தார்கள். பார்த்தவர்களில் பலருக்கு நம்பிக்கை இல்லை. துருப்பிடிக்கும், அடிபட்டால் ரிப்பேர் பண்ண முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னது முழுத் தப்பும் இல்லை, பின்னால் வருகிறேன்.

மறு வருஷமே, 1897இல், பிட்ஸ்பர்க், பெஸ்ஸெமர் அண்ட் லேக் ஈரீ என்ற ரயில்வே நூற்றுக்கணக்கில் எஃகு ஹாப்பர்களுக்கு ஆர்டர் கொடுத்தது. கார்னகி தன் உபயோகத்துக்காகப் புதுப்பித்துக் கட்டிய ரயில்வே அது. ஏரிக்கரைத் துறைமுகத்திலிருந்து பிட்ஸ்பர்க் உலைகளுக்கு இரும்புத் தாது வரும், திரும்பும்போது கரி போகும். ஆர்டர் போனது சார்லஸ் ஷோயன் என்பவரிடம். இவர் மர வேகன்களுக்கு வேண்டிய சில்லறைப் பாகங்களை எஃகுத் தகட்டில் அழுத்தி விற்றுக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு பாகமாகச் செய்தவருக்கு, முழு வேகனையே ஏன் அழுத்திச் செய்யக்கூடாது என்று தோன்றியது.

அழுத்திச் செய்வதில் என்ன லாபம்? இதோ ஒரு தபால் கார்டு, இரண்டு டம்ளர். கார்டைப் படுக்கவாக்கில் வைத்து நடுவில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் வைக்கிறேன். பாருங்கள், தொய்ந்துவிட்டது. இப்போது இரு ஓரங்களையும் அரை அங்குலம் மேலே மடிக்கிறேன். அதே கார்டு, அதே எடை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு நாணயம். நிற்கிறது. (முன் வரிசை மாமி ஐந்தாவது நாணயம் கொடுத்தார், அதையும் தாங்கியது.) கார்டுக்குப் புதிதாகக் கிடைத்தது உயரம் மட்டும்தான்.

உருட்டுச் சட்டம் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒரே உயரம். ஆனால் இரண்டு முனையில் தாங்கிய உத்தரத்தில் வளைக்கும் விசை நடுவில்தான் அதிகம், முனைக்குப் போகப்போகக் குறைவு. அப்படியானால் முனையில் இருக்கும் எஃகில் பாதி சும்மா சவாரி செய்கிறது. ஷோயன் பெரிய அழுத்து இயந்திரத்தில் தகட்டை வைத்து, நடுவில் ஆழமாகவும் இரு முனைகளில் ஆழம் குறைவாகவும் வெட்டி, ஓரங்களை அப்படியே மடித்து எடுத்தார். பக்கவாட்டில் பார்த்தால் மீனின் வயிறு மாதிரி இருக்கும். அதற்குப் பெயரே மீன்வயிற்று உத்தரம். மீன் நம் இலைக்கு வராவிட்டாலும் அதன் வயிறு நமக்குக் கரி கொண்டுவந்திருக்கிறது!

தாதும் கரியும் ஒரே வண்டியில் என்று சொன்னேன் அல்லவா, அதில் ஒரு நுட்பம். ஐம்பது டன் கரிக்கு ஏறக்குறைய 2,000 கன அடி இடம் வேண்டும், தொட்டி முழுக்க நிரம்பும். தாது கரியைப்போல் சுமார் மூன்று மடங்கு கனம். அதே ஐம்பது டன் தாது தொட்டியின் அடியில், நடுப்பகுதியில் போய்க் குவிந்துவிடும். எடை ஒன்றுதானே என்று நினைக்கக்கூடாது. நீளம் முழுக்கப் பரவிய பளு, நடுப் பாதியில் மட்டும் குவிந்தால், நடுவில் வளைக்கும் விசை ஒன்றரை மடங்காகிறது. பேப்பரில் போட்டுப் பாருங்கள், பத்தாம் வகுப்புப் பேரனே போட்டுவிடுவான். மீனின் வயிறு ஏன் அவ்வளவு ஆழம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பலன் என்ன என்றால், அந்த எஃகு வேகன்கள் சுமார் 34,000 பவுண்டு எடை இருந்துகொண்டு ஒரு லட்சம் பவுண்டு சுமந்தன. ஏறக்குறைய ஒன்றுக்கு மூன்று. மர வேகனில் ஒன்றுக்கு இரண்டு கிடைப்பதே பெரிய பாடு. 1,500 டன் கரிக்கு ஐம்பது மர வேகன் வேண்டும், எஃகில் முப்பது போதும். இருபது வேகன் குறைந்தால் இருபது வேகனின் சக்கரம், பிரேக், கொக்கி எல்லாம் குறைந்தது. கரியைக் கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்பி இழுக்கிற வீண் எடையும் குறைந்தது. என் உத்தியோகக் காலம் முழுக்க இந்தக் காலி எடைக் கணக்கோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. ஒரே ரயிலில் எஃகு வேகனும் மர வேகனும் கலந்து ஓடின. திடீரென்று நின்றால் இரண்டு எஃகு வேகன்களுக்கு நடுவில் மாட்டிய மர வேகன் நொறுங்கும். புதியவன் வந்ததால் பழையவனுக்கு ஆபத்து. அந்தக் காலத்து ரயில்வேக்காரர்கள் மர வேகன்களுக்கு எஃகு நடு உத்தரம் போட்டு ஒட்டுப்போட்டதும், பிறகு ஒரேயடியாகக் கழித்துக்கட்டியதும் இதனால்தான்.

இப்போது சுவர் விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்ப டிசைன்களைப் பார்த்தால் மர வேகனின் ஞாபகம் போகவில்லை என்று தெரியும். அடியில் பலமான உத்தரங்கள், மேலே தொட்டி. மரம் போய் எஃகு வந்தது, யோசனை பழையதுதான். ஆனால் பக்கத்தில் ஏறக்குறைய ஆறடி உயரத்துக்குக் கால் அங்குலத் தகடு நீளம் முழுக்கச் சும்மா நிற்கிறதே! அடியில் இருக்கும் உத்தரம் இரண்டடி ஆழம் என்றால், சுவர் ஆறடி. மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் அதே அளவு எஃகை வைத்து, இடையில் உள்ள உயரத்தை மூன்று மடங்காக்கினால், தாங்கும் பளுவும் மூன்று மடங்கு. பாலம் கட்டுகிறவர்களுக்கு இது பல வருஷமாகத் தெரியும், தகட்டு உத்தரப் பாலம் என்பதே இதுதான். வேகன் கட்டுகிறவர்கள் இதைப் படிப்படியாக எடுத்துக்கொண்டார்கள். சுவரின் உச்சியில் கனமான கோணச் சட்டம், அடியில் ஒரு சட்டம், நடுவில் தகடு. கரியை அடைத்து வைக்கிற சுவரே கரியைச் சுமக்கிற உத்தரமும் ஆயிற்று. நடு உத்தரத்துக்கு இழுப்பையும் இடியையும் தாங்கும் வேலைதான் பிரதானம்.

ஆனால் ஒரு சங்கடம். பாலத்தின் உத்தரத்தை யாரும் பக்கவாட்டில் தள்ளுவதில்லை. வேகன் சுவரைக் கரி உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு? கரி ஒரு கன மீட்டர் சுமார் 800 கிலோ. இரண்டு மீட்டர் உயரம் நிரம்பியிருந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் ஏறக்குறைய அரை டன் தள்ளு. இது நின்றுகொண்டிருக்கும்போது. ஓடும்போது குலுக்கல் வேறு. கால் அங்குலத் தகடு இதற்கு அப்பளம் மாதிரி. அதனால்தான் சுவரில் செங்குத்தாக விலா எலும்புகள் போல் சட்டங்கள் வைத்தார்கள். அவை இரண்டு வேலை செய்கின்றன. கரி தள்ளுவதைத் தாங்குகின்றன, தகடு கசங்காமலும் பிடித்துக்கொள்கின்றன. வெளியே வைத்தால் உள்ளே கரி தங்குதடையில்லாமல் இறங்கும். உள்ளே வைத்தால் சுவரை வெளியே தள்ளிப்போட்டு கொள்ளளவைக் கூட்டலாம். அகலத்துக்கு ரயில்வேயில் எல்லை உண்டே, அதற்குள் எந்தப் பக்கம் அங்குலத்தைச் செலவழிப்பது என்று வருஷக்கணக்கில் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார்கள்.

ஒரு தென்னங்குச்சியை எடுத்து இரு முனையிலும் அழுத்துங்கள். நேராக இருந்தால் கொஞ்ச நேரம் எதிர்த்து நிற்கும். ஏற்கெனவே வளைந்த குச்சி என்றால் தொட்டவுடன் மடங்கும். பளு ஏறிய வேகனின் மேல் விளிம்பு அந்தக் குச்சிதான். இரு முனையிலிருந்தும் அதை அழுத்துகிறது வேகனின் மொத்தச் சுமை. நேராக இருக்கும்வரை அது உத்தரம். நடுவில் நாலு விரற்கடை வெளியே போய்விட்டால், நல்ல அடிப்பலகை இருந்து என்ன, சக்கரம் இருந்து என்ன? அந்தப் பெரியவரின் நூல் அளந்தது இதைத்தான்.

உள் அமைப்பில் இன்னும் இரண்டு சமாசாரம். இரு கோடியிலும் தரை சரிவாக இருக்கும், ஆரம்ப காலத்தில் சுமார் 30 டிகிரி. செங்குத்தாக வைத்தால் கரி நன்றாக வழுக்கும், ஆனால் இடம் போய்விடும், போன இடத்தை ஈடுகட்டத் தொட்டியை உயர்த்தினால் வளைவில் ஆடும். சாய்வைக் குறைத்தால் ஈரக் கரி ஒட்டிக்கொள்ளும். அந்த ஊர்க் குளிரில் கரி உறைந்தே போய்விடும். ஆட்கள் சம்மட்டியால் சுவரை அடித்து அடித்து இறக்குவார்கள், அப்படி அடித்தே சுவர் நசுங்கும். இரண்டாவது, நடு உத்தரம் தொட்டிக்குள்ளேயே குறுக்கே ஓடுகிறது. அதன் மேல் கரி தங்காமலிருக்க ஓட்டுக்கூரை மாதிரி ஒரு தகட்டு முகடு போட்டு மூடியிருப்பார்கள்.

சந்தேகப்பட்டவர்கள் சொன்ன துரு வந்தே தீர்ந்தது. கரியில் கந்தகம் இருக்கிறது. மழை பெய்து, காற்றும் சேர்ந்தால் கந்தக அமிலம். தகடும் தகடும் மேலேறும் தறையாணி வரிசையில் அது போய்த் தங்கும். மெல்லிய தகட்டால் எடையை மிச்சம் பிடித்த ஷோயன் வழிக்கு இது பெரிய அடி, ஏனென்றால் கால் அங்குலத்தில் அரித்துப் போக அதிகம் இல்லை. அடிபட்டு நெளிந்த அழுத்துப் பாகத்துக்கு மாற்று வேண்டுமென்றால் அதன் அச்சு வைத்திருக்கும் தொழிற்சாலைக்கே எழுத வேண்டும். உருட்டுச் சட்டமோ எந்த ஊர்ப் பட்டறையிலும் கிடைக்கும். அதனால் நாளடைவில் நீள உத்தரங்களுக்கு உருட்டுச் சட்டம், விலா எலும்பு போன்றவற்றுக்கு அழுத்துப் பாகம் என்று சமரசம் ஏற்பட்டது. பென்சில்வேனியா ரயில்வே 1904இல் கொண்டுவந்த ஜி.எல்.ஏ. வகை ஐம்பது டன் ஹாப்பர் ஆயிரக்கணக்கில் ஓடியது. முதல் உலகப் போரின்போது ரயில்வேக்களை அரசாங்கம் எடுத்து நடத்தியது. அப்போது 1918இல் வகுத்த 55 டன் பொது டிசைனில் இருபதாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். துருவுக்கு எஃகிலேயே சிறிது தாமிரம் கலந்து பார்த்தார்கள், பலன் தெரிந்தது. 1933இல் வந்த கார்-டென் என்ற எஃகு அந்த வழியில் பிறந்தது, முதலில் பயன்பட்டதும் கரி வேகன்களுக்கே. நம் நாட்டிலும் இப்போது கரி வேகன்களில் துருப்பிடிக்காத எஃகு போடுகிறார்கள்.

ஷோயனின் கம்பெனி 1899இல் ஃபாக்ஸ் கம்பெனியோடு இணைந்து பிரெஸ்டு ஸ்டீல் கார் கம்பெனி ஆனது. பிட்ஸ்பர்க் பக்கத்தில் மெக்கீஸ் ராக்ஸ் என்ற இடத்தில் அதன் பெரிய ஆலை. ஷோயன் சில வருஷத்தில் விலகிப்போய்ச் சக்கரம் செய்ய ஆரம்பித்தார். வேகன் எடையில் பவுண்டு பவுண்டாக மிச்சம் பிடித்த அந்தத் தொழிலில் மனித உடம்புக்கு அந்தக் கணக்கு இருக்கவில்லை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைகள்தான் பெரும்பாலும் வேலைக்காரர்கள். கூலி ஆளுக்குத் தனியாக இல்லை, கூட்டத்துக்கு மொத்தமாக. அதில் யாருக்கு எவ்வளவு என்று அவர்களுக்கே தெரியாது. அழுத்து இயந்திரங்களிலும் பாரந்தூக்கிகளிலும் அடிபட்டுச் சாவது சகஜம். அந்த ஆலைக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் கசாப்புக் கடை. 1909 ஜூலையில் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆகஸ்ட் 22ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நடந்த மோதலில் குறைந்தது பத்துப் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். வேலைநிறுத்தம் செப்டம்பரில் முடிந்தது. வேகன் டிசைன் பற்றிய புத்தகங்களில் இந்தப் பக்கம் பெரும்பாலும் இருப்பதில்லை. எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

கடைசியாக ஜரியா பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன். அந்த மூன்று வேகன்களும் சிக் லைனுக்குப் போயின. நானோ, நூலைப் பிடித்துப் பார்த்த பிறகும், தேவையில்லாமல் வேகன்கள் நிராகரிக்கப்படுகின்றன என்று அன்று மாலையே கோப்பில் குறிப்பு எழுதினேன். அது மேலே போயிற்று. பெரியவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் போயிற்று. அவர் எழுதிய பதில் என் மேஜைக்கும் வந்தது. மூன்று வேகன் எண்கள், அவற்றுக்குக் கீழே ஒரே வரி: "மேல் விளிம்பு நேராக இல்லை." அதைப் படித்த பிறகாவது என் குறிப்பைத் திரும்பப் பெற்றிருக்கலாம். பெறவில்லை. அடுத்த வருஷம் அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

இங்கே நம் நாக்பூர் வழியாகக் கரி வண்டி போகாத நாள் இல்லை. கேட்டில் நிற்கும்போது இப்போதும் நான் முதலில் பார்ப்பது மேல் விளிம்பைத்தான். யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம். காபி வந்துவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார்.